இரண்டு கோட்டைகளும் ஒரு ரெஃபரல் சீட்டும்

சித்தப்பாவைப் பாம்பு கடித்தது மல்லாட்டைக் கொல்லையில். களை எடுத்து முடித்து, பொழுது சாய்ந்த நேரத்தில் வரப்பில் கிடந்த துண்டை எடுக்கக் குனிந்திருக்கிறார். கண்ணாடி விரியன். நான் அப்போது சென்னையில், ஆபீஸில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். தம்பி போன் பண்ணினான்.

"அண்ணா, ஊசி போட்டுட்டாங்க. ஆனா மேல அனுப்பணும்னு சீட்டு எழுதிட்டாங்க."

"மேலன்னா எங்கடா?"

"தெரியல. 108 வந்துட்டு இருக்கு."

அது எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே இருந்த டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார். உறையவில்லை. விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் போதும். உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார். மருந்து இருந்தது. அது பெரிய விஷயம், நாட்டின் பல மாநிலங்களில் அது இருக்காது. ஆனால் விரியன் கடித்தால் சிறுநீரகம் போகலாம், டயாலிசிஸ் தேவைப்படலாம். அந்த ஆஸ்பத்திரியில் மெஷின் இருந்தது, ஓட்டுவதற்கு ஆள் இல்லை. பணியிடம் காலி. ஆகவே சீட்டு.

சித்தப்பா பிழைத்துவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தார். சித்தி அதே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தார். இப்போது நன்றாக இருக்கிறார். மல்லாட்டை போடுவதை மட்டும் விட்டுவிட்டார்.

பிறகு ஒருநாள் அந்த முதல் டாக்டரைப் பார்த்து நன்றி சொல்லப் போனேன். பேச்சுவாக்கில் கேட்டேன்: "சார், அந்த டெக்னீஷியன் போஸ்ட்டை யார் நிரப்பணும்?" அவர் சிரித்தார். "தம்பி, இந்த வார்டுல ஒரு ஃபேன் ஓடலைன்னாலே நான் லெட்டர்தான் போட முடியும். நீங்க போஸ்ட்டு கேக்குறீங்க."

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது.

யாருடைய ஆஸ்பத்திரி?

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு சிஸ்டம் விழுந்தால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இதுக்கு ஓனர் யாரு?" என்பதுதான். யார் தப்பு என்பது அப்புறம். யாரால் இதைச் சரிசெய்ய முடியும், யாருக்கு அந்த அனுமதி இருக்கிறது என்று தெரியாத சிஸ்டம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் ஒருநாள் நடுராத்திரி காலை வாரும்.

ஒரு தாலுகாவின் அரசு மருத்துவத்துக்கு ஓனர் யார்? எங்கள் செஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ் வருகிறது. தாலுகா மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். நோயாளி ஒருவர்தான். கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டு, தாலுகாவில் படுத்து, முண்டியம்பாக்கத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் மூன்று இயக்குநர்களின் எல்லைகளைக் கடந்துவிடுகிறார். மூன்று இயக்குநர்களும் சென்னையில் இருக்கிறார்கள். மெட்ரோவில் போகும்போது 'ஏஜி-டிஎம்எஸ்' என்று அறிவிப்பு வருமே, அந்த டிஎம்எஸ்தான் நம் தாலுகா ஆஸ்பத்திரிகளின் தலைமையிடம். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது 2012-இல் அமைத்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அதுவும் சென்னை.

மாவட்டத்தில் யாருமே இல்லையா என்றால், இருக்கிறார்கள். இணை இயக்குநர் ஒருவர், பொது சுகாதாரத்துக்கு அலுவலர் ஒருவர், மருத்துவக் கல்லூரிக்கு டீன் ஒருவர். ஒவ்வொருவரும் மேலே தன் தன் இயக்குநருக்குப் பதில் சொல்கிறார்கள். பக்கவாட்டில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கீழே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் சுத்தமாக இல்லை. கலெக்டர் கூட்டம் போட்டால் எல்லோரும் ஒரு மேஜையில் உட்காருவார்கள். கலெக்டர் மாறினால் மேஜையும் மாறும்.

நான் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பார்த்தேன். ஒரு தாலுகாவில் எத்தனை மருத்துவப் பணியிடங்கள் காலி, எவ்வளவு நாளாகக் காலி என்பது மட்டும்தான் கேள்வி. எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். அங்கிருந்து பிரிவு 6(3)-இன்படி இன்னொரு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அந்த அலுவலகம் தன்னுடைய பங்கை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை மூன்றாவது அலுவலகத்துக்கு மாற்றியது. கடைசியில் என் கையில் வந்து சேர்ந்தது மூன்று வடிவத்தில் மூன்று தாள்கள். மூன்றையும் கூட்டிப் பார்த்த முதல் ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். ஒரு தாலுகாவின் ஆரோக்கியம் என்கிற முழுப் படம் எந்த அலுவலகத்திலும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பெருமையை மறுக்கவில்லை

இங்கே ஒரு நண்பர் கையைத் தூக்குவார். "தமிழ்நாட்டு மருத்துவத்தைக் குறை சொல்றியா? பீகார் போய்ப் பாரு."

நண்பரே, குறை சொல்லவில்லை. 1939-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. மருத்துவம் என்பது வேறு, பொது சுகாதாரம் என்பது வேறு என்று புரிந்துகொண்டு அதற்குத் தனி இயக்குநரகமும் தனிப் பணியாளர் வரிசையும் காப்பாற்றி வைத்திருக்கிற மாநிலம் இது. மற்ற மாநிலங்கள் இரண்டையும் ஒன்றாக்கி, பொது சுகாதாரத்தைத் தொலைத்தன. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஆயிரம் பிறப்புக்கு இறக்கும் சிசுக்கள் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய் இறப்பு 2018-20 காலத்தில் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்ஸுகள் ராத்திரியும் பகலும் இருந்து பிரசவம் பார்த்ததால் வந்த எண்கள் இவை. என் தங்கை பிள்ளை பெற்றதும் அப்படி ஒரு நிலையத்தில்தான்.

ஆனால் அதே கணக்கெடுப்பில் கேரளத்தின் எண்கள் முறையே 6, 19. பீகாரைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்துகிற நாம் மேற்கே திரும்பிப் பார்க்கும்போது ஏன் குரலைத் தாழ்த்துகிறோம்?

நான் சொல்ல வருவது இதுதான். தமிழ்நாடு ஆஸ்பத்திரிகளைப் பரப்பியது, அதிகாரத்தைப் பரப்பவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு நாற்பது வருடம் மேடையில் பேசிவிட்டோம். ஊருக்கு ஊர் கட்டடம் இருப்பது விநியோகம். அந்தக் கட்டடத்தில் மாலை நேர ஓ.பி. வேண்டுமா, மகப்பேறுக்கு முன்னுரிமையா பாம்புக்கடிக்கா என்று ஊர் முடிவெடுப்பதுதான் அதிகாரப் பரவல். முதலாவது நம்மிடம் இருக்கிறது. இரண்டாவதற்கு நம் அரசியலில் பெயர்கூட இல்லை.

எங்கள் பாஷையில் சொன்னால், ஊருக்கு 'ரைட் அக்சஸ்' கிடையாது. பல விஷயங்களில் 'ரீட் அக்சஸ்' கூடக் கிடையாது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியின் விவரத்தையும் கணினியில் ஏற்றுகிறார். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து, அதையும் ஏற்றுகிறார்கள். அத்தனையும் மேலே போகிறது. சென்னையில் ஒரு டாஷ்போர்டு ஒளிர்கிறது. அந்த ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்பது அந்த ஊராட்சித் தலைவருக்குத் தெரியாது. ஆளைக் காட்ட வேண்டாம், எண்ணிக்கையையாவது காட்டலாமே? தன் ஊரின் ரத்த அழுத்தம் தனக்குத் தெரியாத ஊரை எப்படித் தன்னாட்சி என்று சொல்வது?

கோட்டை என்றால் எந்தக் கோட்டை?

'கோட்டை' என்றதும் எங்கள் ஊர்க்காரனுக்கு நினைவு வருவது ராஜகிரி. 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபிறகு உங்களில் சிலரும் வந்து செல்ஃபி எடுத்திருப்பீர்கள். ஆனால் தமிழ்நாட்டு அரசியலில் 'கோட்டை' என்றால் ஒன்றுதான், செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 'கோட்டைக்குப் போகும்' என்பார்கள், ஃபைலைப் பற்றி.

அந்தக் கோட்டையிலிருந்துதான் மாநில சுயாட்சி என்கிற சொல் இந்தியாவுக்கே போனது. 1969-இல் ராஜமன்னார் குழு, 1971-இல் அதன் அறிக்கை, 1974-இல் சட்டமன்றத் தீர்மானம். நீட் வந்தபோது, எங்கள் பிள்ளைகளில் யார் டாக்டராக வேண்டும் என்று டெல்லி எப்படி முடிவு செய்யலாம் என்று கேட்டோம். 2025-இல் மத்திய-மாநில உறவை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு போட்டோம். இது ஒவ்வொன்றிலும் நான் மாநிலத்தின் பக்கம்தான். சந்தேகமே வேண்டாம்.

அதனால்தான் கேட்கிறேன். 'தூரத்தில் இருக்கிறவனுக்கு எங்கள் தேவை தெரியாது' என்பதுதானே சுயாட்சியின் அடிப்படை வாதம்? அந்த வாதம் ஏன் தாம்பரம் தாண்டியதும் செத்துப்போகிறது? டெல்லிக்குச் சென்னையின் நோய் தெரியாது என்றால், 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னைக்குச் செஞ்சியின் மல்லாட்டைக் கொல்லையில் எந்த மாதத்தில் விரியன் கடிக்கும் என்று எப்படித் தெரியும்? டெல்லி நமக்குச் செய்தால் ஆதிக்கம், நாம் விழுப்புரத்துக்குச் செய்தால் நிர்வாகமா?

அரசியல் சாசனத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்தது. அதன் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள்கள். 23-ஆவது பொருள் சுகாதாரம். மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்தகங்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஆனால் இவற்றை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்கு 'வழங்கலாம்' என்றுதான் சாசனம் சொல்கிறது, 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு 'லாம்' போதுமாக இருந்தது. முப்பது வருடமாக அதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. வழக்கு, வார்டு வரையறை, மாவட்டப் பிரிப்பு என்று தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில் ஒருவழியாக நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்டவையும் அவற்றின் தாய் மாவட்டங்களும் சேர்த்து ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. விழுப்புரம் அதில் ஒன்று. எங்களுக்கு வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபரில். செஞ்சி போன்ற பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்துக்குள் கொரோனாவின் முதல் அலையும் இரண்டாம் அலையும் வந்துபோயின. நூறு வருடத்தில் வந்த மிகப்பெரிய தொற்றை எங்கள் மாவட்டத்துக் கிராமங்கள் ஒரே ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் எதிர்கொண்டன. அப்போது ஆண்டது அ.தி.மு.க., பிறகு தி.மு.க. 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்களைத்தான் போட்டார்கள். கட்சி மாறினாலும் இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

அதே கொரோனா காலத்தில் கேரளத்தின் ஊராட்சிகள் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் முதல்நிலைச் சிகிச்சை மையங்களை நடத்திக்கொண்டிருந்தன. தலைவர், வார்டு உறுப்பினர், குடும்பஸ்ரீ பெண்கள். யாருக்குச் சாப்பாடு போகவில்லை, எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஊரிலும் அது தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பதவி இல்லை, பணம் இல்லை, கையெழுத்து இல்லை.

இலங்கையைப் பற்றி நாம் நிறையப் பேசுவோம். 1987-இன் 13-ஆவது திருத்தத்தில் சுகாதாரம் மாகாண சபைக்குப் போனது. ஆனால் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனை கொழும்பின் அமைச்சிடமே இருக்கிறது, வடக்கு மாகாண சபையின் காலம் 2018-இல் முடிந்தபின் தேர்தலே நடத்தவில்லை. இதைச் சொல்லி நாம் கோபப்படுகிறோம். கோபப்பட வேண்டியதுதான். ஆனால் கண்ணாடியில் தெரிகிற முகமும் கொஞ்சம் அப்படியே இருக்கிறதே!

கேரளம் என்ன செய்தது, நாமே என்ன செய்தோம்

கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவெடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் கிராம ஊராட்சிக்கு, தாலுகா அளவிலான ஆஸ்பத்திரிகள் ஊராட்சி ஒன்றியத்துக்கோ நகராட்சிக்கோ, மாவட்ட ஆஸ்பத்திரி மாவட்ட ஊராட்சிக்கு. டாக்டருக்குச் சம்பளமும் நியமனமும் மாநிலத்திடமே இருந்தன. கட்டடம், கருவி, கூடுதல் ஆட்கள், வேலை நேரம் போன்றவற்றில் ஊர் தலையிட முடிந்தது. 2017-இல் ஆர்த்ரம் திட்டம் வந்தபோது பல ஊராட்சிகள் தங்கள் நிதியிலிருந்து கூடுதல் டாக்டரை வைத்து மாலை நேர ஓ.பி. நடத்தின. கூலி வேலைக்குப் போகிறவனுக்கு மாலை ஓ.பி. எவ்வளவு பெரிய விஷயம் என்று சென்னையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. கோழிக்கோடு மாவட்ட ஊராட்சி 'ஸ்நேகஸ்பர்ஷம்' என்று ஒன்றை நடத்துகிறது. மக்களிடம் பணம் திரட்டி சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸுக்கு உதவுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சித்தியின் பாய் ஞாபகம் வந்தது.

கேரளத்தைச் சொன்னாலே சிலருக்குப் பிடிக்காது. சரி, தமிழ்நாட்டையே எடுப்போம். 1994-இல் நாம் உருவாக்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உலகமே வந்து பார்த்துவிட்டுப் போனது. மருந்தை மொத்தமாகச் சென்னையில் வாங்குகிறார்கள், விலை குறைகிறது, தரம் பரிசோதிக்கப்படுகிறது. எல்லோரும் இதை மையப்படுத்தலின் வெற்றி என்பார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்த பாஸ்புக்கில் இருக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதை ஆஸ்பத்திரி சொல்லும். மாவட்டக் கிடங்கு கொடுக்கும். பாம்பு அதிகம் உள்ள ஊர் விஷமுறிவு மருந்தைக் கேட்டு எடுக்கும், கடலோர ஊர் வேறொன்றை எடுக்கும். சித்தப்பாவுக்கு அன்று ராத்திரி மருந்து இருந்ததற்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது.

வாங்குவது மையத்தில், முடிவெடுப்பது ஓரத்தில். சிஸ்டம் கட்டுகிறவர்கள் பிறகு வருடக்கணக்கில் பேசிக் கண்டுபிடிக்கிற விஷயத்தை நம் அதிகாரிகள் முப்பது வருடம் முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்துவிட்டார்கள். மருந்துக்கு பாஸ்புக் கொடுத்த மாநிலம் ஆளுக்கும் கருவிக்கும் பழுதுபார்ப்பதற்கும் ஏன் கொடுக்கக் கூடாது?

ஊருக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது, துணை சுகாதார நிலையத்துக்கு வருடத்துக்கு 10,000 ரூபாய் கட்டற்ற நிதி என்று அறிவித்தார்கள். செவிலியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டு எடுக்க வேண்டும் என்பது விதி. மாதம் 833 ரூபாய். நாங்கள் ஆபீஸில் ஒருமுறை பிரியாணி ஆர்டர் செய்தால் அதைவிட அதிகம் ஆகும். ஊரும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து கையெழுத்துப் போட அழைக்கப்பட்ட இடம் அந்தப் பத்தாயிரம்தான். அதிலும் எங்கள் மாவட்டத்தில் ஐந்து வருடம் கையெழுத்துப் போடத் தலைவரே இல்லை.

ஊர் என்பது ஒரு ஊர் இல்லை

இதற்கு எதிரான வாதங்களில் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடாது. சாதி.

"ஊருக்கு அதிகாரம்னா யாருக்கு அதிகாரம்?" என்று காலனியிலிருந்து வந்த நண்பன் ஒருவன் கேட்டான். "ஊர்த்தெருக்காரனுக்குத்தானே?" 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசியது இதனால்தான். 1997-இல் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்ற மாநிலம் இது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006வரை தலித் ஒருவர் தலைவராக நிலைக்க முடியவில்லை. இன்னும் நாற்காலி கொடுக்காத ஊர்களின் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரின் கையில், வீடு வீடாகப் போகிற தலித் செவிலியரின் வேலையைக் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. நான் கேட்பதும் அது இல்லை. நியமனம், இடமாற்றம், ஒழுங்கு நடவடிக்கை, சிகிச்சைத் தரம் எல்லாம் மாநிலத்திடம்தான் இருக்க வேண்டும். நான் கேட்கும் அதிகாரத்தைக் கிராமத்தில் வைக்கச் சொல்லவும் இல்லை. தாலுகாவில் வையுங்கள். ஒரு தெருவின் ஆதிக்கம் தாலுகா அளவில் கொஞ்சம் நீர்த்துப்போகும். இருளர், தலித், பெண்கள், தினக்கூலிகள் என்று நோயாளிகளின் பிரதிநிதிகளுக்குச் சட்டப்படி இடம் ஒதுக்குங்கள். பிரேசிலில் 1990-இலேயே சட்டம் போட்டு, ஒவ்வொரு நகராட்சியிலும் சுகாதார மன்றம் அமைத்து, பாதி இடத்தைப் பயனாளிகளுக்கே கொடுத்தார்கள். நமக்கும் புதிது இல்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கியது இதே தமிழ்நாடுதான்.

இன்னொன்றையும் நண்பனிடம் சொன்னேன். சாதி ஊரில் மட்டும் இல்லை. எந்தத் தொகுதிக்கு எந்த ஆஸ்பத்திரி என்று சென்னையில் முடிவாகும்போது அங்கேயும் சாதி உட்கார்ந்திருக்கிறது, சட்டை மடிப்புக் கலையாமல். ஊர்ச் சாதியை எதிர்த்து வாக்குப் போடலாம், கேஸ் போடலாம். கோட்டைக்குள் இருப்பதை எதிர்த்து என்ன போடுவது? அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டத்துல எழுதாம வாய்ல சொன்னா நம்பமாட்டேன்" என்றான். அவன் சொல்வது சரி. இட ஒதுக்கீடு சட்டத்தில் இல்லாத அதிகாரப் பரவல் எனக்கும் வேண்டாம்.

இரண்டாவது வாதம், பணம் இல்லாமல் அதிகாரத்தை மட்டும் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பது. பிலிப்பைன்ஸ் 1991-இல் ஒரே சட்டத்தில் மருத்துவச் சேவைகளை மாகாணங்களுக்கும் நகராட்சிகளுக்கும் கொடுத்தது. ஏழை நகராட்சிகளால் சம்பளமே கொடுக்க முடியவில்லை, ஒரு ஆஸ்பத்திரிக்கும் அடுத்ததற்கும் இருந்த தொடர்பு அறுந்தது. அந்தப் பாடம் முக்கியம். பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் காசை வைத்துக்கொள்வதற்குப் பெயர் கைகழுவல்.

மூன்றாவது, ஊழல். 'உள்ளாட்சியில் திருடுவார்கள்.' திருடுவார்கள். ஆனால் பக்கத்துத் தெருக்காரன் திருடினால் புது பைக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம். மேலே நடப்பது தணிக்கை அறிக்கை வந்தால்தான் தெரியும். அப்போதும் அது யாருடைய பைக் என்று தெரியாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை

என் கோரிக்கை நான்கு வரிகளில் அடங்கும்.

ஒவ்வொரு தாலுகாவுக்கும் ஒரு சுகாதார மன்றம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், டாக்டர்கள், நோயாளிகளின் பிரதிநிதிகள். மூன்று இயக்குநரகங்களின் ஆட்களும் அதன் முன் வந்து பதில் சொல்ல வேண்டும்.

மருந்துக்கு இருப்பதுபோல ஆளுக்கும் கருவிக்கும் ஒரு பாஸ்புக். காலியிடம் மூன்று மாதத்துக்கு மேல் நிரப்பப்படாவிட்டால் அந்தச் சம்பளப் பணத்தில் தற்காலிகமாக ஆளை அமர்த்த மன்றத்துக்கு உரிமை. அந்த ஆளுக்கும் முழுச் சம்பளம்.

ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு பலகை. எத்தனை பணியிடம், எத்தனை காலி, எத்தனை நாளாக. ஆர்.டி.ஐ. போடாமல் என் சித்தி நின்று படிக்கிற மாதிரி.

கடைசியாக, ரெஃபரல் சீட்டு. மேலே அனுப்பிய ஒவ்வொரு சீட்டின் காரணத்தையும், பெயரை நீக்கிவிட்டு, மாதம் ஒருமுறை மன்றத்தில் வைக்க வேண்டும். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்கு அறிவித்தே தீர வேண்டிய நோயாகத் தமிழ்நாடு ஆக்கியது. நல்ல காரியம். இனி சென்னைக்கு எண்ணிக்கை தெரியும். அந்த எண்ணிக்கை கடிபட்ட ஊருக்கும் தெரியட்டும் என்கிறேன். 'டெக்னீஷியன் இல்லை' என்று ஒரே மாதத்தில் பத்துச் சீட்டு வந்தால், அடுத்த மாதம் யாரையாவது உட்காரவைத்துக் கேட்கலாம்.

சித்தப்பா வீடு திரும்பியபிறகு அவரை ராஜகிரிக்குக் கூட்டிப்போனேன். மேலே ஏறவில்லை, மூச்சு வாங்கும் என்றார். கீழே களஞ்சியத்துப் பக்கம் உட்கார்ந்தோம். 1690 முதல் 1698வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. அது அவ்வளவு நீண்டதற்குத் தளபதி சுல்ஃபிகார் கானின் கள்ளத்தனமும் ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் ராஜகிரிக்குத் தனியாகச் சுனையும் களஞ்சியமும் உண்டு. எதிரே கிருஷ்ணகிரிக்கும் தனியாகக் களஞ்சியம் உண்டு, எண்ணெய்க்கும் நெய்க்கும் தொட்டி உண்டு. ஒரு மலை இன்னொரு மலைக்கு ஆள் அனுப்பி நெல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இதைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்சநேரம் எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அந்த மெசினு ஓட்டுற ஆளு வந்துட்டானாடா?"

"இன்னும் இல்ல சித்தப்பா."

"யார்கிட்ட கேக்கணும்?"

அதைத்தான் நானும் கேட்கிறேன்.